சுக்கான் பிடிக்கக் கப்பல் வேணுமே: சிசெரோவின் முதுமை நூல்

ரிட்டயர் ஆனவர்களுக்கு அறிவுரை சொல்லும் புத்தகங்களுக்கெல்லாம் ஒரு தாத்தா உண்டு. ரோமானிய அரசியல்வாதி சிசெரோ கி.மு. 44-இல் லத்தீனில் எழுதிய ‘முதுமை பற்றி’ என்ற சின்ன நூல். புதுசா ஏதாவது கத்துக்கோங்க, தோட்டம் போடுங்க, அளவா சாப்பிடுங்க, நாலு பேரோட பேசிக்கிட்டு இருங்க என்று இன்றைக்கு வாட்ஸ்அப்பில் சுற்றும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை அதில் ஏற்கெனவே இருக்கின்றன. நல்ல புத்தகம்தான். ஆனா ஒரு கேள்வியை மட்டும் அது கேட்காமலே தாண்டிப் போகிறது.

நூலின் அமைப்பு எளிமையானது. 84 வயது கேட்டோவிடம் இரண்டு இளைஞர்கள் வந்து, வயசு உங்களுக்கு மட்டும் எப்படி பாரமா இல்லை என்று கேட்கிறார்கள். கேட்டோ கற்பனை ஆள் இல்லை. சிசெரோவுக்கு ஒரு நூற்றாண்டு முன்னால் நிஜமாகவே வாழ்ந்தவர். படைத்தலைவர், செனட்டர், பண்ணை முதலாளி. முதுமை மேல் நாலு குற்றச்சாட்டுகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறார். வேலையிலிருந்து விலக்குகிறது, உடம்பைத் தளர்த்துகிறது, இன்பங்களைப் பறிக்கிறது, சாவைப் பக்கத்தில் கொண்டுவருகிறது என்பவையே அந்த நாலும்.

முதல் குற்றச்சாட்டுக்கான பதில்தான் ரொம்பப் பிரபலம். கப்பலில் சிலர் பாய்மரம் ஏறுகிறார்கள், சிலர் மேல்தளத்தில் ஓடியாடுகிறார்கள், சிலர் அடியில் தேங்கிய தண்ணீரை இறைக்கிறார்கள். சுக்கான் பிடிப்பவர் பின்னால் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார். அதுக்காக அவர் வேலையே செய்யலைன்னு சொல்லிட முடியுமா? வயதானால் வேலை நிற்பதில்லை, வேலையின் வடிவம் மாறுகிறது என்கிறார் கேட்டோ. வயதான பிறகுதான் கிரேக்க இலக்கியத்தில் இறங்கினேன் என்கிறார். பகலில் சொன்னது, கேட்டது, செய்தது எல்லாவற்றையும் சாயங்காலம் ஒருமுறை நினைத்துப் பார்த்து ஞாபகத்துக்குப் பயிற்சி கொடுக்கிறார். திராட்சைக் கொடி வளர்ப்பது பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டேன் என்கிறார். நூலிலேயே உயிருள்ள பக்கங்கள் இவைதான்.

சரி, இதில் என்ன குறை? சுக்கான் பிடிக்க முதலில் ஒரு கப்பல் வேணும். நூலில் உதாரணமாக வருகிற முதியவர்கள் யாரென்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். செனட்டர்கள், படைத்தலைவர்கள், கவிஞர்கள், தத்துவ ஆசிரியர்கள், நிலம் வைத்திருந்தவர்கள். பேச்சும் அனுபவமும் செல்வாக்குமே முதலாக இருந்தவர்களுக்கு வயசு கூடக்கூட அந்த முதலும் கூடும். அடித்தளத்தில் தண்ணீர் இறைத்தவனுக்கு வயசானால் அவன் எங்கே உட்காருவான்? அதைப் பற்றிப் பேச்சே இல்லை. கடும் வறுமையில் அறிவாளிக்குக்கூட முதுமை லேசாக இருக்காது என்று ஓரிடத்தில் ஒப்புக்கொள்கிறார். ஒரே வாக்கியம், அதோடு நகர்ந்துவிடுகிறார்.

மைலோ என்ற மல்யுத்த வீரனின் கதையும் வருகிறது. கிழவனான பிறகு, இளைஞர்கள் பயிற்சி செய்வதைப் பார்த்துவிட்டு, தன் கைகளைப் பார்த்து, இவை செத்துப்போச்சே என்று அழுகிறான். கேட்டோ அவனை ஏளனம் செய்கிறார்: நீ பேர் வாங்கியது கைகளாலே, உன்னாலே இல்லை. கைகளாலேயே வாழ்ந்தவனுக்குக் கை வேறு, தான் வேறா? நம்ம புறநானூற்றின் 243-ஆம் பாட்டிலும் ஒரு கிழவர் கோலூன்றிக்கொண்டு, இருமலுக்கு நடுவில், இளமையில் மடுவில் குதித்ததை நினைத்து ஏங்குகிறார். தொடித்தலை விழுத்தண்டினார் அவரைத் திட்டவில்லை. ஏங்க விடுகிறார்.

இதைவிடச் சங்கடமான விஷயம் நூலுக்கு வெளியே இருக்கிறது. நிஜக் கேட்டோ பண்ணை நடத்துவது பற்றி ஒரு கையேடு எழுதியிருக்கிறார். லத்தீன் உரைநடையில் முழுதாகக் கிடைத்தவற்றில் அதுதான் பழையது. பண்ணையைப் பார்வையிட வரும் முதலாளி எதையெல்லாம் விற்றுவிட வேண்டும் என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது: தேய்ந்த மாடு, பழைய வண்டி, பழைய இரும்புச் சாமான், வயதான அடிமை, நோயாளி அடிமை. ஆக, திராட்சைக் கொடியைப் பற்றி அவ்வளவு அழகாகப் பேசும் அதே பெரியவரின் தோட்டத்தில் வேலை செய்து கிழடானவர்களுக்கு முதுமை என்றால் விலைக்குப் போவது.

சிசெரோவுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் அவர் எழுதிய நேரத்தையும் பார்க்கணும். 62 வயது. சீசரின் சர்வாதிகாரத்தில் அரசியலில் அவருக்கு இடமில்லை. முந்தின வருஷம்தான் மகள் துல்லியா இறந்துபோனாள். கப்பல் கைவிட்டுப் போன ஒரு மாலுமி, சுக்கானைப் பற்றித் தனக்கே சொல்லிக்கொண்ட ஆறுதல் இது. அப்படிப் படித்தால் கேட்டோவின் மிடுக்குக்கு அடியில் கலக்கமும் கேட்கிறது. அதே வருஷம் சீசர் கொல்லப்பட்டதும் சிசெரோ அரசியலுக்குத் திரும்பினார். ஆன்டனியை எதிர்த்து அவர் எழுதிய உரைகளில் 14 கிடைத்திருக்கின்றன. கி.மு. 43 டிசம்பரில் கொல்லப்பட்டார். சும்மா இருக்க முடியாதுன்னு அவர் எழுதினது வெறும் பேச்சில்லை.

அவர் தாண்டிப்போன கேள்விக்கான பதில், ஒன்றரை நூற்றாண்டு கழித்துப் புளூட்டார்க் எழுதிய கேட்டோ வரலாற்றில் கிடைக்கிறது. வயதான அடிமைகளை விற்றதற்காகக் கேட்டோவைக் கண்டிக்கிறார். எனக்காக உழைத்த மாட்டைக்கூட வயசாச்சுன்னு விற்கமாட்டேன் என்கிறார். கூடவே ஒரு கதை. ஏதென்ஸில் கோயில் கட்டும்போது நன்றாக உழைத்த கோவேறு கழுதைகளை மேய விட்டுவிட்டார்களாம். அதில் ஒன்று தானாகவே திரும்பி வந்து, வண்டி இழுக்கும் மற்ற விலங்குகளுக்கு முன்னால் நடந்து அவற்றை ஊக்கப்படுத்தியதாம். சாகும்வரை அதற்குத் தீனி அரசுச் செலவில் என்று ஊர் முடிவு செய்ததாம்.

ஓய்வுக்குப் பிறகும் சுறுசுறுப்பாக இருப்பது என்றால் என்ன என்பதற்கு, சுக்கான் உதாரணத்தைவிட எனக்கு இந்தக் கழுதை ஒருபடி மேலாகப் படுகிறது. அதை யாரும் வரச் சொல்லலை. வராமல் இருந்திருந்தாலும் மேய்ச்சல் இருந்தது. அப்பா அம்மாவிடம் "ஆக்டிவா இருங்க" என்று சொல்வதற்கு முன்னால், அவர்கள் தட்டில் சோறு இருக்கா, சும்மா இருக்க அவர்களுக்கு உரிமை இருக்கா என்று பார்த்துக்கொள்வது நல்லது. ரெண்டும் இல்லாத இடத்தில் 70 வயதிலும் ஒருவர் ஓடிக்கொண்டிருந்தால், அதற்குச் சுறுசுறுப்பு என்று பேர் வைக்க முடியாது.