அண்டாவுக்கு எந்த அடுப்பு?

பௌர்ணமிக்கு முந்தைய நாள் திருவண்ணாமலையின் பாத்திர வாடகைக் கடைகளிலிருந்து அண்டாவும் குண்டானும் ஜல்லிக்கரண்டியும் வண்டி ஏறும்போது, கூடவே கனமான ஓர் இரும்புச் சாமானும் ஏறுகிறது. அதுதான் ஸ்டாண்டில் பொருத்திய பெரிய கேஸ் பர்னர். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இரவெல்லாம் நடப்பவர்களுக்கு சாம்பார் சாதமும் சுண்டலும் சூடான பாலும் கிடைப்பதில் இந்த அடுப்புக்குப் பெரிய பங்கு உண்டு. அண்டாவை எடுக்கும்போது அடி நெளிந்திருக்கிறதா, ஈயம் போயிருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பவர்கள்கூட, அடுப்பை எடுக்கும்போது "தீ நல்லாச் சீறுதா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அந்தக் கேள்வி உலைக்குச் சரி. உலைக்கு அப்புறம் நடக்கிற சமையலுக்கு அது போதாது.

முதலில் கேஸ் அடுப்பு நியாயமாகவே வென்ற இடத்தைச் சொல்லிவிட வேண்டும். செங்கல் அடுக்கிக் கட்டும் கோட்டை அடுப்பின் மேல் பலருக்கும் பாசம் உண்டு. சவுக்குக் கட்டை எரிந்து அடங்கி, கங்கின் மேல் பொங்கல் தம்மில் கிடக்கும்போது வருகிற பதம் ஒசத்திதான், மறுக்க மாட்டேன். ஆனால் தீபத் திருவிழா வருவது கார்த்திகையில், வடகிழக்குப் பருவமழையின் நடுவில். 2024-இல் ஃபெஞ்சல் புயல் இந்த மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது தீபத்துக்கு இரண்டு வாரத்துக்கும் குறைவான நாட்களுக்கு முன்புதான். ஈர விறகில் இருக்கும் ஒவ்வொரு கிலோ தண்ணீரும் ஆவியாகப் போக ஏறத்தாழ 540 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. சோறு வேகும் முன் விறகு வேக வேண்டியிருக்கிறது. புகை சமைப்பவரின் கண்ணிலும் நெஞ்சிலும் போய்த் தங்குகிறது. மலைச்சரிவில் மரம் நட்டு வளர்க்கப் பலர் பல ஆண்டுகளாகப் பாடுபடும் ஊரில், மாதந்தோறும் லோடு லோடாக விறகு எரிப்பதையும் எளிதில் ஏற்க முடியவில்லை.

தீப்பொறி விஷயம் இன்னும் பெரிது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளிச் சமையற்கூடத்தில் பிடித்த தீ ஓலைக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. கூட்டம் கூடும் இடத்துக்குப் பக்கத்தில், கீற்றுப் பந்தலுக்கு அடியில், திறந்த விறகுத் தீயை வைக்கலாமா என்ற கேள்வி தமிழ்நாட்டில் அன்றோடு முடிந்திருக்க வேண்டும். நினைத்த நொடியில் அணைக்க முடிவது கேஸின் முதல் நன்மை. புகையின்மையும் வேகமும் அதற்கு அடுத்தவை.

இனிக் கணக்குக்கு வருவோம். நூறு லிட்டர் உலைநீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 7,000 கிலோ கலோரி வேண்டும். ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் கிடைப்பது ஏறத்தாழ 11,000 கிலோ கலோரி. எரிகிற வெப்பத்தில் பாதி தண்ணீருக்குள் போனால் 1.3 கிலோ வாயுவில் உலை கொதித்துவிடும். மூன்றில் ஒரு பங்குதான் போகிறது என்றால் ஏறத்தாழ 2 கிலோ ஆகும். வீட்டு அடுப்புகளுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 4246 குறைந்தது 68 சதவீத வெப்பத்திறன் கேட்கிறது. வெட்டவெளியில் காற்றில் அலையும் ஹை பிரஷர் பர்னரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. ஆனால் பாதிக்கும் மூன்றிலொன்றுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் நம் கையில்தான் இருக்கிறது. தீ அண்டாவின் அடியைத் தாண்டி இடுப்பு வரை ஏறி நிற்பது கண்ணுக்கு உற்சாகமாக இருக்கலாம். அங்கே பாதி வெப்பம் வானத்துக்கும் மீதியில் ஒரு பகுதி சமையல்காரரின் முகத்துக்கும் போகிறது. அண்டாவின் அடி அகலத்துக்கு உள்ளேயே சுடர் அடங்க வேண்டும். நீலச் சுடரின் உள்கூம்பு பாத்திரத்தை முட்டக் கூடாது. முட்டினால் வாயு முழுதாக எரியாமல் கரி படியும், கார்பன் மோனாக்சைடும் வரும். மிக விலகி நின்றாலோ காற்று கொண்டுபோய்விடும்.

உலை கொதித்த பிறகுதான் பெரும் விரயம் தொடங்குகிறது. தளதளவென்று கொதிக்கும் உலைக்கும் மெல்லக் கொதிக்கும் உலைக்கும் வெப்பநிலை ஒன்றே. அரிசியும் பருப்பும் தளதளப்பைப் பார்த்து வேகமாக வேகப்போவதில்லை. கூடுதல் தீ தண்ணீரை ஆவியாக்குவதோடு சரி. பத்து லிட்டர் ஆவியாகப் போனால் 5,400 கிலோ கலோரி போயிற்று. அதாவது மேலே சொன்ன கணக்கில் ஏறத்தாழ ஒரு கிலோ வாயு. ஒரு மூடி இதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். வாடகைப் பட்டியலில் அண்டாவுக்குத் தட்டு கேட்டு வாங்குபவர்கள் குறைவு. அன்னதானத்தில் வீணாகும் கேஸைக் கணக்கிட்டால் அதிகம் போவது அந்த மூடாத வாயின் வழியாகத்தான் என்பது என் கணிப்பு.

இதே பெரிய பாத்திரம், பெரிய தீ என்ற சிக்கலை வேறொரு கூட்டம் மிகக் கவனமாக யோசித்திருக்கிறது. அவர்கள் அமெரிக்காவில் வீட்டுக் கொல்லையில் பீர் காய்ச்சுகிறவர்கள். அங்கே 1978-இல் மத்தியச் சட்டம் அதற்கு வழிவிட்டது. நம் ஊரில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி அது குற்றம், எனவே அவர்களின் சரக்கு நமக்கு வேண்டாம். அடுப்பைத் தேர்ந்தெடுக்கும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இருபது, இருபத்தைந்து லிட்டர் மால்ட் சாற்றை ஹாப்ஸ் பூவோடு ஒரு மணி நேரம் திறந்தபடி கொதிக்கவிட வேண்டும். வெந்த மக்காச்சோள வாடை தருகிற ஒரு கந்தகச் சேர்மம் ஆவியோடு வெளியேற வேண்டும் என்பதால் மூடி போடக் கூடாது. ஆகவே அவர்களுக்குத் தளதளப்பு தேவை. அதற்கும் அவர்கள் வாங்குவது பெரும்பாலும் மணிக்கு 15,000 கிலோ கலோரி அளவிலான பர்னர், வாயுவில் சொன்னால் மணிக்கு ஒன்றரைக் கிலோவுக்குள். எத்தனை லிட்டர், எவ்வளவு நேரத்தில் கொதிக்க வேண்டும், மணிக்கு எவ்வளவு சுண்ட வேண்டும் என்று பாத்திரத்திலிருந்து தொடங்கி அடுப்புக்கு வருகிறார்கள். சாற்றில் சர்க்கரை இருப்பதால், ஒரே இடத்தில் குவிகிற சுடர் அடியைக் கருக்கிவிடும் என்று அகலப் பரவும் சுடரைத் தேடுகிறார்கள். நம்முடைய சர்க்கரைப் பொங்கலுக்கும் கேசரிக்கும் அந்த எச்சரிக்கை அப்படியே பொருந்தும். நமக்குத் தளதளப்பு வேண்டியது உலை வைக்கும் அரை மணி நேரம் மட்டும். ஆனால் நாம் அதைக் கடைசிவரை வைத்துக்கொள்கிறோம்.

பாத்திரத்தின் உலோகமும் இதில் பேச வேண்டியது. எவர்சில்வர், அலுமினியம் கடத்தும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கடத்தும். மெல்லிய எவர்சில்வர் அண்டாவின் அடியில் ஜெட் பர்னர் படுகிற இடம் பொசுங்கிப்போகும், ஒரு சாண் தள்ளி அரிசி வேகாமல் கிடக்கும். தடித்த, ஈயம் பூசிய பித்தளை அண்டா வெப்பத்தை அடி முழுதும் பரப்பித் தரும். பழைய சமையல்காரர்கள் பித்தளையை விடாமல் பிடித்திருப்பதற்கு மரபுப் பற்று மட்டும் காரணம் என்று நினைப்பது தவறு. இப்போது கடைகளில் எவர்சில்வரும் அலுமினியமும் மிகுந்துவிட்டன. பாத்திரம் மெலிந்தபோது தீயும் அகன்று மென்மையாகியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. பாத்திரம் மெலிந்துகொண்டே வர, தீ கூர்மையாகிக்கொண்டே போனது. அடிப்பிடித்த சாம்பார் சாதத்தை மேலாக வழித்துப் பரிமாறிவிட்டு, அடியில் பத்துப் பதினைந்து பேர் சாப்பிட வேண்டியதைச் சுரண்டிக் கொட்டுவதைப் பார்த்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. பசியாற்றக் கொண்டுவந்த அரிசி அது.

சிலிண்டரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். உயிருக்கு ஆபத்து இருப்பது அங்கேதான், தவறான நம்பிக்கைகள் மண்டிக் கிடப்பதும் அங்கேதான். சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது வாயுவாக மாற வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் சிலிண்டரின் உடம்பிலிருந்தும் சுற்றியுள்ள காற்றிலிருந்தும்தான் வர வேண்டும். மணிக்கு இரண்டரைக் கிலோ குடிக்கும் பர்னரை ஒரே 19 கிலோ சிலிண்டரில் மாட்டினால், திரவம் ஆவியாகும் வேகத்துக்கு வெளிவெப்பம் ஈடுகொடுக்காது. முதலில் சிலிண்டர் வியர்க்கும், பிறகு சில்லிட்டுப்போகும், தீ தளரும். இந்திய வாயுவில் புரோப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கின்றன. பியூட்டேன் பூஜ்யம் டிகிரிக்குச் சற்றுக் கீழேயே திரவமாகிவிடக்கூடியது. கார்த்திகைப் பின்னிரவின் குளிரில், சில்லிட்ட சிலிண்டருக்குள் அழுத்தம் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். உள்ளே திரவம் குறையக் குறைய இன்னும் சீக்கிரம் குளிரும்.

தீ தளர்ந்ததும் கேஸ் தீர்ந்துவிட்டது என்று கழற்றி வைக்கிறார்கள். அதில் சில கிலோ மிச்சமிருக்கும். காசு கொடுத்த வாயு அப்படியே ஏஜென்சிக்குத் திரும்பிப் போகிறது. இதைச் சரிபார்ப்பது எளிது. காலி எடை சிலிண்டரின் மேலேயே எழுதியிருக்கும், எடைத் தராசில் தூக்கி வைத்தால் தெரிந்துவிடும். இது பண நஷ்டத்தோடு போகும். தீயைத் தூண்ட வேறு சில வழிகளைக் கையாள்கிறார்களே, அவை அப்படியல்ல. சிலிண்டரைப் படுக்க வைத்து உருட்டுவார்கள். அப்போது வாயுவுக்குப் பதில் திரவமே குழாயில் இறங்கி, தீ திடீரென்று ஆளுயரம் எழும்பலாம். சிலர் கொதிநீரை ஊற்றுகிறார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்துச் சூடேற்றுபவர்களும் உண்டு. இவற்றில் எதற்கும் நியாயம் சொல்ல முடியாது. தேவை அதிகமென்றால் இரண்டு மூன்று சிலிண்டர்களைச் சேர்ப்புக் குழாயில் இணைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சமாக எடுக்க வேண்டும். அது ஒன்றே சரியான வழி.

வீட்டு சிலிண்டரை அன்னதானத்துக்குக் கொண்டுவருவதும் பரவலாக நடக்கிறது. 14.2 கிலோ சிலிண்டர் வீட்டுச் சமையலுக்கு மட்டும் என்பது விதி, புண்ணிய காரியத்துக்காக அது தளராது. விதியை விடுங்கள், இயற்பியலும் இடம் தரவில்லை. வீட்டு ரெகுலேட்டர் 30 மில்லிபார் அளவில் வாயுவை விடுகிறது. அதில் ஹை பிரஷர் பர்னர் சீறாது. ஆகவே கையால் திருகிக் கூட்டும் ரெகுலேட்டரை மாட்டுகிறார்கள். அதோடு ட்யூபையும் மாற்ற வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. மென்மையான அழுத்தத்துக்குச் செய்த ரப்பர் ட்யூப் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு, கால் இடறும் இடத்தில், சுடுநீர் சிந்தும் தரையில் கிடக்கிறது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, சாக்கடையிலும் மண்டபத்தின் கீழ்த்தளத்திலும் தேங்கும். இவ்விடத்தில் சீறும் தீயின் இன்னொரு குறையும் வெளிப்படுகிறது. நான்கு பர்னர்கள் இரைகிற கூடத்தில் கசிவின் 'உஸ்' சத்தம் காதில் விழாது. எதிரே நிற்பவர் கத்திச் சொல்வதே விழாது.

கிரிவலப் பாதையில் அன்னதானத்துக்கு முன் அனுமதி வேண்டும், பரிமாறும் இடத்திலேயே சமைக்கக் கூடாது என்று தீபத்தின்போது மாவட்ட நிர்வாகம் சொல்வதைச் சிலர் தொல்லையாக நினைக்கிறார்கள். பக்தியில் வருகிறவர்களை ஏன் தடுக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் இந்த விதியின் பக்கமே நிற்கிறேன். லட்சக்கணக்கான கால்கள் நடக்கும் தெருவோரத்தில் சேர்ப்புக் குழாயும் சிலிண்டர் வரிசையும் வைக்க இடமே கிடையாது.

நிலையான சமையற்கூடங்களின் கதை வேறு. செங்கம் சாலையில் ரமணாசிரமம் போன்ற இடங்களில் தினமும் சமைக்கிறார்கள். அறநிலையத்துறை 2002-இல் தொடங்கிய கோயில் அன்னதானத் திட்டமும் தினசரிச் சமையல்தான். அத்தகைய இடத்தில் சிலிண்டர்களைச் சுவருக்கு வெளியே வைத்து, அடுப்பைக் கட்டுமானமாகவே அமைத்துக்கொள்ளலாம். இன்னும் பெரிய அளவுக்குப் போனால் நீராவி நல்லது. ஷீரடியில் 2009 முதல் சூரிய வெப்பத்தில் ஆவி எடுத்துச் சமைக்கிறார்கள். நீராவியில் அடிப்பிடிக்கும் பேச்சே இல்லை. ஆனால் மாதம் ஒருமுறை வேனில் வந்து, சத்திரத்திலோ மண்டபத்திலோ இறங்கிச் சமைத்துப் போகும் குழுவுக்கு நீராவி எட்டாது. அவர்களுக்கு வாடகை பர்னர்தான் வழி. எனவேதான் அதைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

என்னைக் கேட்டால், ஒரே மாதிரி நான்கு பர்னர் எடுக்காதீர்கள் என்பேன். உலைக்கும் பருப்புக்கும் ஒரு ஹை பிரஷர் ஜெட் போதும், அதைத் தகரத் தடுப்போடு, மூடிய அண்டாவின் கீழ் வையுங்கள். சாம்பார் சாதம், பொங்கல், கேசரி ஆகியவற்றுக்கு அகலமான வளைய பர்னர் எடுங்கள், சிம்மில் வைத்தாலும் அணையாமல் நிற்கிறதா என்று கடையிலேயே ஏற்றிப் பாருங்கள். மெல்லிய எவர்சில்வர் அண்டாதான் கிடைத்தது என்றால், அடியில் தடித்த இரும்புத் தட்டு ஒன்றைப் போடுங்கள். உலை கொதிக்கக் கொஞ்சம் தாமதமாகும், கிளறுபவர் கை பிழைக்கும். பெரிய பர்னரை ஒரே சிலிண்டரில் மாட்டாதீர்கள், மேலே சொன்னபடி சேர்ப்புக் குழாயில் மாட்டுங்கள்.

கடைக்காரர்களும் ஒரு காரியம் செய்யலாம். அண்டாவின் விளிம்பில் வெட்டியிருக்கும் பெயரைப் போல, ஒவ்வொரு பர்னரிலும் ஒரு தகடு தொங்க வேண்டும்: இந்த பர்னர் மணிக்கு எத்தனை கிலோ கேஸ் எடுக்கும், எத்தனை லிட்டர் அண்டா வரை தாங்கும், எந்த ரெகுலேட்டரும் எந்த ட்யூபும் மாட்ட வேண்டும். ஒருமுறை சிலிண்டரை எடைபோட்டு அரை மணி நேரம் எரித்து மறுபடி எடைபோட்டால் முதல் விவரம் கிடைத்துவிடும். அடுத்த பௌர்ணமிக்குள் முடிகிற வேலை இது.