கப்பல் பாதுகாப்பு நெறியும் பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளும்: ஒரு மதிப்பீடு

ஐ.எஸ்.எம். நெறி எனப்படும் பன்னாட்டுப் பாதுகாப்பு மேலாண்மை நெறி, வணிகக் கப்பல்களைப் பாதுகாப்பாக இயக்கவும் கடல் மாசடைவதைத் தடுக்கவும் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு வகுத்த விதித்தொகுப்பு ஆகும். வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களின் தோல் தொழிலுக்கும் இந்த நெறிக்கும் சட்டப்படி எந்தத் தொடர்பும் இல்லை. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, இப்பகுதியில் தோலின் தரத்தைக் காக்க வளர்ந்துள்ள ஒழுங்கு, தொழிலாளியின் உயிரைக் காப்பதில் ஏன் வளரவில்லை என்ற கேள்வி தெளிவாகிறது.

நெறி பிறந்த வரலாறு

1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் சீபுரூக் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட 'ஹெரால்டு ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்' என்னும் பயணிகள் கப்பல் சில நிமிடங்களிலேயே கவிழ்ந்தது. 193 பேர் இறந்தனர். வாகனங்கள் ஏறும் முன்கதவு மூடப்படாமலே கப்பல் கிளம்பியதுதான் காரணம். கதவை மூட வேண்டிய பணியாளர் தம் அறையில் உறங்கிவிட்டார்.

பழி அந்த ஒருவரோடு முடிந்திருக்கக்கூடும். ஆனால் விசாரணை அதோடு நிற்கவில்லை. கதவு மூடியிருக்கிறதா என்று காட்டும் விளக்கு ஒன்றை மாலுமி மேடையில் பொருத்துமாறு அந்நிறுவனத்தின் கப்பல் தலைவர்கள் முன்னரே கேட்டிருந்தனர். கரையில் இருந்த நிர்வாகம் அதைப் பொருட்படுத்தவில்லை. எனவே தவறு கப்பலின் தளத்தில் மட்டுமல்ல, கரையிலுள்ள அலுவலகத்திலும் இருந்தது என்று விசாரணை முடிவுசெய்தது.

இந்தப் பாடத்திலிருந்து பிறந்ததே ஐ.எஸ்.எம். நெறி. 1993-இல் ஏற்கப்பட்ட இந்நெறி, 1998 ஜூலை 1 முதல் பயணிகள் கப்பல்களுக்கும் எண்ணெய்க் கப்பல்களுக்கும் மொத்தச் சரக்குக் கப்பல்களுக்கும், 2002 ஜூலை 1 முதல் ஏனைய சரக்குக் கப்பல்களுக்கும் கட்டாயமானது. இதன் அடிப்படைக் கூறுகள் மூன்று. முதலாவது, கப்பலை இயக்கும் பொறுப்பை ஏற்ற 'நிறுவனம்' எது என்பது ஐயமின்றித் தெரிய வேண்டும். இரண்டாவது, கரையில் ஒருவர் பாதுகாப்புக்கெனப் பெயர் குறித்து நியமிக்கப்பட வேண்டும். நிறுவனத்தின் உச்ச நிர்வாகத்தை நேரடியாக அணுகும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும். மூன்றாவது, விபத்துகளோடு, விபத்தாகாமல் தப்பிய ஆபத்தான நிகழ்வுகளும் பதிவாகி, ஆராயப்பட்டு, திருத்தப்பட வேண்டும்.

தோலுக்குக் கிடைத்த கவனம்

பாலாற்றங்கரையின் தோலும் காலணியும் பெரும்பாலும் சென்னைத் துறைமுகங்கள் வழியாக ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் செல்கின்றன. வாங்குவோரின் விதிகளே இங்கே தரத்தை நிர்ணயிக்கின்றன. பூஞ்சணம் பிடிக்காமல் தோலைக் காக்கப் பயன்பட்ட பென்டாகுளோரோபீனாலை ஜெர்மனி 1989-இல் தடைசெய்தது. அடுத்து, புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களாகப் பிரியக்கூடிய சில அசோ சாயங்களுக்கும் அங்கே தடை வந்தது. இரண்டு முறையும் தமிழகத்து ஆலைகள் தடுமாறின. ஆனால் சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு மாற்று வேதிப்பொருள்களுக்கு மாறி மீண்டன.

2015 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் இன்னொரு வரம்பை நடைமுறைப்படுத்தியது. உடலில் படும் தோற்பொருள்களில் ஆறு இணைதிறன் குரோமியம் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருக்கக் கூடாது என்பது அந்த விதி. பதனிடப் பயன்படும் மூன்று இணைதிறன் குரோமியம் பொருந்தாத சூழலில் இந்த நச்சு வடிவத்துக்கு மாறக்கூடும் என்பதால், ஏற்றுமதி ஆலைகள் பயன்படுத்தும் எண்ணெயையும் ஈரப்பதத்தையும் கவனித்து, ஆய்வகச் சான்றுடன் சரக்கை அனுப்புகின்றன. மில்லிகிராம் அளவுக்குத் துல்லியமான இந்த ஒழுங்கு பாராட்டத்தக்கது. எழுதிவைத்து, அளந்து, திருத்தும் மேலாண்மை இந்த ஊர்களுக்குப் புதிதல்ல என்பதற்கும் இதுவே சான்று.

தொழிலாளிக்குக் கிடைக்காத கவனம்

அதே ஆலையின் பின்புறத்தில் நிலைமை வேறு. தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்புடன் சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவுநீர் அமிலத்தோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெளிப்படும்; கசடு தேங்கி அழுகும் தொட்டியிலும் இது உருவாகும். காற்றைவிடக் கனமான இவ்வாயு குழியின் அடியில் தங்கும். தொடக்கத்தில் அழுகிய முட்டை போல நாறும். செறிவு மிகுந்தால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போகும். இறங்கியவர் சில மூச்சுகளில் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார்.

கப்பலின் சரக்குத் தொட்டிகளிலும் அடைபட்ட அறைகளிலும் இதே ஆபத்து உண்டு. 2015 ஜனவரி 1 முதல், இத்தகைய இடங்களில் நுழைவதற்கும் மீட்பதற்குமான பயிற்சியை இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை நடத்துவது கப்பல்களில் கட்டாயமானது. 2016 ஜூலை முதல் வாயுவை அளக்கும் கையடக்கக் கருவியும் கட்டாயமானது.

தொழிற்சாலைக்கு விதியே இல்லை என்று சொல்ல முடியாது. ஆபத்தான வாயு இருக்கக்கூடிய தொட்டியிலோ குழியிலோ சோதனை செய்து எழுத்துமூலம் சான்று பெறாமல், அல்லது மூச்சுக் கருவியும் கயிறு கட்டிய இடைவாரும் அணியாமல் எவரும் இறங்கக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆம் பிரிவே கூறியது. கப்பல் உலகம் தனக்குக் கட்டாயமாக்கியதன் சாரம் இங்கே சுதந்திரம் பெற்ற அடுத்த ஆண்டிலேயே எழுத்தில் இருந்தது. ஆகவே குறை விதியில் இல்லை. விதியை நாள்தோறும் நிறைவேற்றும் பொறுப்பு யாருடையது என்பதில் இருக்கிறது.

இராணிப்பேட்டை, 2015

அந்தப் பொறுப்புக் குழப்பத்தின் விலை 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் தெரிந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டியின் சுவர் இரவில் இடிந்தது. பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது கழிவு பாய்ந்து 10 பேர் இறந்தனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

பொதுச் சுத்திகரிப்பு நிலையம் என்பது பல ஆலைகள் கூட்டாக நடத்துவது. எல்லோருக்கும் சொந்தமான தொட்டியின் சுவரை எந்த ஆலையின் மேலாளர் நாள்தோறும் பார்ப்பார்? அதன் நிழலில் உறங்கும் வேறோர் ஆலையின் ஆட்கள் யாருடைய கணக்கில் வருவார்கள்? ஐ.எஸ்.எம். நெறி முதலில் கேட்கும் கேள்வி இதுதான். கப்பலின் உரிமையாளர் ஒருவர், வாடகைக்கு எடுத்தவர் வேறொருவர், ஆள் அனுப்பியவர் மூன்றாமவர் என்று இருக்கலாம். ஆனாலும் பொறுப்பேற்ற நிறுவனம் ஒன்றே என்று அது வரையறுக்கிறது. தோல் ஆலைகளின் பொதுநிலையங்களுக்குத் தேவையானது அத்தகைய வரையறையே.

ஆற்றின் கதையும் இதுவே. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கொள்கையையும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையையும் நாட்டின் சட்டமாக ஏற்றது. ஐந்து மாவட்டங்களின் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. தீர்ப்பு சட்டக் கல்லூரிகளில் பாடமானது. ஆனால் பாலாறு தெளியவில்லை. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் பாலாற்று மாசுக்கும் இழப்பீட்டுக்கும் மீண்டும் ஆணை பிறப்பிக்க வேண்டியிருந்தது. தீர்ப்பு ஒருமுறை வரும். மேற்பார்வை அன்றாடம் வேண்டும்.

நெறியின் குறைகள்

ஐ.எஸ்.எம். நெறியைக் குறையற்றது என்று கொள்ளவும் கூடாது. அது எண்ணெய்க் கப்பல்களுக்குக் கட்டாயமாகி 14 ஆண்டுகள் கழிந்த பிறகு, 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயலில் 'பிரதிபா காவேரி' என்ற எண்ணெய்க் கப்பல் சென்னை எலியட்ஸ் கடற்கரை அருகே தரைதட்டியது. கப்பலை விட்டு இறங்கியவர்களின் உயிர்காக்கும் படகு கவிழ்ந்து ஆறு மாலுமிகள் இறந்தனர். விதி ஏட்டில் இருந்தால் மட்டும் படகு மிதக்காது. நெறி பல இடங்களில் பட்டியலில் குறியிடும் எழுத்து வேலையாகத் தேய்ந்துவிட்டது என்ற விமர்சனம் மாலுமிகளிடையே நெடுநாளாக உண்டு.

எனினும் கப்பலுக்கு ஒரு கடிவாளம் உண்டு. அந்நிய நாட்டுத் துறைமுக ஆய்வாளர் குறை கண்டால் கப்பலை நிறுத்திவைக்கலாம். நிற்கும் ஒவ்வொரு நாளும் உரிமையாளருக்கு நட்டம். தோல் ஆலையில் அந்தக் கடிவாளம் வாங்குவோரின் கையில் இருக்கிறது. அதைக் குரோமிய அளவுக்காக இழுத்த அளவுக்கு, குழியில் இறங்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்காக அவர்கள் இழுத்ததில்லை.

மதிப்பீடு

இப்பகுதி ஆலைகள் கப்பல் நெறியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை செலவு மிகுந்தவை அல்ல. ஒவ்வோர் ஆலைக்கும் பொதுநிலையத்துக்கும் முதலாளியிடம் நேரே பேசக்கூடிய, பெயர் குறித்த ஒரு பாதுகாப்புப் பொறுப்பாளர். வாயுவை அளந்து கையொப்பமிடாமல் குழி மூடியைத் திறக்காத வழக்கம். சுவரில் விரிசல் கண்டு சொன்ன தொழிலாளிக்கு வேலை போகாது என்ற உறுதி. ஒப்பந்த ஆள், வெளிமாநில ஆள் என்ற வேறுபாடின்றி வளாகத்தில் உறங்குபவர் உட்பட அனைவரையும் கணக்கில் சேர்க்கும் பதிவேடு. ஒரு கிலோ தோலில் 3 மில்லிகிராம் நச்சைத் தேடிக் கண்டுபிடிக்கும் திறமை இந்த ஊர்களில் இருக்கிறது. ஆதலால் தொட்டிச் சுவரின் விரிசலைக் காண முடியவில்லை என்பதை ஒரு காரணமாக ஏற்க இயலாது.