தான்றிமரத்தடியில்

மணவூரிலும் சரி, மதுரையிலும் சரி, நளன் கதை கேட்கிறவர்கள் உருகுவது அவன் தோல்வியில்தான். மறுபடி எப்படி ஜயித்தான் என்று கேட்டால், கலி விட்டது, ஜயித்தான் என்பார்கள். கலி ஏன் விட்டது?

நளவெண்பாவின் கலிநீங்கு காண்டத்தில் வழியில் ஒரு தான்றிமரம் வருகிறது. அதன் காய்களைப் பார்த்த மாத்திரத்தில் இத்தனை என்கிறான் இருதுபன்னன். கணக்குச் சரியாக இருக்கிறது. அந்த வித்தையை நளன் கற்றதும் கலி அகன்றுவிடுகிறான். மரம் தான்றியாக இருப்பது தற்செயல் அல்ல. பழங்காலத்தில் தான்றிக்காய்தான் சூதுகாய். அள்ளிய காய்களை நான்கு நான்காகக் கழித்து, மிச்சத்தைக் கொண்டு வெற்றி தோல்வி சொன்னார்கள் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. பார்த்தவுடன் எண்ணத் தெரிந்தவனுக்கு அது சூதே அல்ல.

அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தார்ப் 1962-ல் ‘பீட் தி டீலர்’ நூலில் பிளாக்ஜாக் சீட்டாட்டத்துக்குச் சொன்னதும் இதுவே: போன சீட்டுகளை எண்ணு, கட்டில் பெரிய சீட்டுகள் மிஞ்சியிருந்தால் பந்தயத்தை உயர்த்து. 1967-ல் நம் சுப்ரீம் கோர்ட் ரம்மியைத் திறமை ஆட்டம் என்றபோதும், விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்கவேண்டியிருப்பதை ஒரு காரணமாகச் சொன்னது.

ஆனால் எண்ணத் தெரிந்தவனைக் கண்டுகொண்டால் காஸினோக்காரன் வெளியே அனுப்பிவிடுகிறான். எண்ணாதவர்களை நம்பித்தான் அவன் தொழில் நடக்கிறது. புகழேந்தியின் காவியத்தில் வெளியேறுவது கலி. அழுது முடித்த வாசகர் அந்த மரத்தடியிலும் சற்று நிற்கவேண்டும்.