வடசென்னைக் கடலோரத்தில் வீடு வாங்குவோர் பார்ப்பதும் பார்க்காததும்

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒரு அடுக்குமாடி வீடு விலைக்கு வருகிறது. வாங்க நினைப்பவர் முதலில் தாய்ப்பத்திரத்தைக் கேட்கிறார். முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார். பட்டா யார் பேரில் இருக்கிறது, சிஎம்டிஏ அனுமதி உண்டா, பிரிபடாத பங்கு எத்தனை சதுர அடி என்று வக்கீலிடம் கருத்து வாங்குகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு வந்து, வாசல் எந்தத் திசை, மெட்ரோ எவ்வளவு தூரம், குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறார். அடுத்த வாரம் அட்வான்ஸ் கைமாறுகிறது.

ராயபுரத்தில் தொடங்கி எண்ணூர் முகத்துவாரம் வரை, துறைமுகமும் ஆலைகளும் கடலும் நெருக்கியடித்து நிற்கும் பட்டையில் பெரும்பாலான வீடுகள் இந்த முறையில்தான் கைமாறுகின்றன. இந்த முறை எதைக் காப்பாற்றுகிறது, எதைக் கோட்டைவிடுகிறது என்பதை நிதானமாக எடைபோட வேண்டும். இங்கே வீடு வாங்குபவர்களில் பலருக்கு அது வாழ்நாள் சேமிப்பு.

முதலில் நிறைகள். பத்திரத்தைத் துருவிப் பார்க்கும் வழக்கத்தை யாரும் குறை சொல்ல முடியாது. 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டது ராயபுரத்திலிருந்து. அத்தனை பழமையான ஊர்களில் பாகப்பிரிவினை ஆகாத வீடுகளும், வாரிசுகள் கையெழுத்துப் போடாத பத்திரங்களும் இருக்கத்தான் செய்யும். திருவொற்றியூர் போன்ற கோயிலூரில் கோயில் மனையா என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. அறநிலையத் துறையின் முன் அனுமதி இல்லாமல் நடந்த கோயில் நில விற்பனை செல்லாது. வக்கீலுக்குக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாய் இந்தச் சிக்கல்களிலிருந்து காக்கிறது.

வசதிகளைப் பார்ப்பதும் சரியே. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை ஒன்பது கிலோமீட்டருக்கு மெட்ரோ நீண்டது. கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் புறநகர் ரயில் ஏற்கெனவே ஓடுகிறது. ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்தில். துறைமுகத்திலும் மணலி ஆலைகளிலும் காசிமேட்டிலும் வேலை பார்ப்பவருக்கு இந்த இடமே பிழைப்பு. அவரிடம் போய் "வடசென்னையே வேண்டாம், தெற்கே போங்கள்" என்று சொல்வது அறிவுரை ஆகாது.

ஆனால் இந்த முறை நிலத்தின் கடந்தகால உரிமையையும் இன்றைய சௌகரியத்தையும் மட்டுமே பார்க்கிறது. கடல், காற்று, மண்ணுக்கு அடியில் உள்ள நீர், பக்கத்து ஆலை ஆகிய நான்கும் அதன் பட்டியலில் இல்லை. இந்தப் பட்டையில் ஒரு வீட்டின் தலையெழுத்தைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் அந்த நான்குதான்.

கடலில் இருந்து தொடங்கலாம். சென்னைக் கரையோரம் மணல் ஆண்டு முழுவதும் கணக்குப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் துறைமுகச் சுவர்கள் எழுந்து அந்த நகர்வை மறித்தன. தெற்கே தேங்கிய மணல் மெரினாவை அகலமாக்கியது. வடக்கே போக வேண்டிய மணல் போகாமல், ராயபுரத்திலிருந்து கரை தேயத் தொடங்கியது. இன்று எண்ணூர் விரைவுச் சாலையில் போகிறவர்கள் கடற்கரை நெடுகப் பாறாங்கற்கள் கொட்டிக் கிடப்பதையும், தூண்டில் வளைவுகள் கடலுக்குள் நீட்டியிருப்பதையும் பார்க்கலாம். தூண்டில் வளைவு தன் அருகில் மணலைப் பிடித்துவைக்கும். அதற்கு வடக்கே இருக்கும் கரைக்கு மணல் குறையும். ஒரு குப்பத்தில் கரை நின்றது என்பதற்காக அடுத்த குப்பத்திலும் நிற்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. "பீச்சுக்கு நடந்தே போய்விடலாம்" என்று தரகர் சொல்லும்போது, அந்தக் கரை இருபது வருடத்தில் எப்படி நகர்ந்திருக்கிறது என்று கேட்டாக வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது: சென்னையிலேயே இயங்கும் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் கரைமாற்ற வரைபடங்களை வெளியிட்டிருக்கிறது.

சட்டத்தின் கோடு ஒன்றும் உண்டு. உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். முகத்துவாரத்தின் கரைகளுக்கும் தனி வரம்பு இருக்கிறது. ஏற்கெனவே கட்டடம் நிறைந்த நகரப் பகுதியில், இருக்கும் சாலைக்கோ அங்கீகரிக்கப்பட்ட கட்டடத்துக்கோ நிலப்பக்கமாகத்தான் புதிதாகக் கட்டலாம். பத்திரம் எத்தனை சுத்தமாக இருந்தாலும், மாடி எழுப்பவோ இடித்துக் கட்டவோ போகும் நாளில் இந்தக் கோடு குறுக்கே வரும். வில்லங்கச் சான்றில் இதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது.

அடுத்தது காற்று. வீடு பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் பகலில், அதுவும் கடற்காற்று வீசத் தொடங்கும் நேரத்தில் வருகிறார்கள். கிழக்கிலிருந்து வரும் அந்தக் காற்று ஆலைப் புகையை மேற்கே தள்ளிவிடும். மாடியில் நின்று பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். இரவில் காற்று திரும்பி நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும்போது, மேற்கே மணலியில் இருப்பது திருவொற்றியூர் படுக்கையறைக்கு வருகிறது. இரவிலும் விடியற்காலையிலும் வாயு நெடி அடிக்கிறது என்று இங்குள்ளவர்கள் பலமுறை புகார் செய்திருக்கிறார்கள். 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் மிக மோசமாக மாசடைந்த தொழிற்பகுதிகளைப் பட்டியலிட்டபோது மணலியும் அதில் இருந்தது. ஆகவே ஒரே வீட்டை இரண்டு முறை பார்க்க வேண்டும். பகலில் ஒரு தடவை. இரவு பத்து மணிக்கு மேல் இன்னொரு தடவை. கன்டெய்னர் லாரிகள் எந்த நேரத்தில் எந்தத் தெருமுனை வரை வரிசை கட்டுகின்றன என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

இனி பக்கத்து ஆலை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூரில் கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண் எரிச்சலும் மூச்சுத் திணறலுமாகக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். எந்தப் பக்கம் ஓடுவது என்று அவர்களுக்கு யாரும் முன்னால் சொல்லியிருக்கவில்லை என்பதுதான் அந்த இரவின் பெரிய கொடுமை. இத்தனைக்கும் அபாயகரமான ரசாயனங்கள் குறித்த 1989ஆம் ஆண்டு விதிகளின்படி, பெருவிபத்து நேர்ந்தால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு ஆலை முன்கூட்டியே தகவல் தந்திருக்க வேண்டும். ஆலைக்கு வெளியே செயல்படுத்தும் அவசரத் திட்டமும் மாவட்ட அளவில் இருக்க வேண்டும். வீடு வாங்குபவர் அந்தத் திட்டத்தில் தன் தெரு இருக்கிறதா என்று கேட்கலாம். கேட்கும் வழக்கம்தான் நம்மிடம் இல்லை.

அந்தச் சம்பவத்துக்கு மூன்று வாரம் முன்பு மிக்ஜாம் புயல். மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வெள்ளத்தோடு கலந்த எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தை அடைந்தது. படகு, வலை, அலையாத்தி வேர் என்று எல்லாவற்றிலும் கறுப்பு அப்பியது. எர்ணாவூர்ப் பக்கத்தில் வீட்டுச் சுவர்களிலும் எண்ணெய்க் கறை படிந்தது. பூண்டி ஏரியின் உபரி நீர் கொசஸ்தலை ஆற்றில் வந்து இதே முகத்துவாரத்தில்தான் கடலைச் சேர்கிறது. எனவே உள்ளூரில் மழை பெய்யாத நாளிலும் மணலி புதுநகர், சடையங்குப்பம் பக்கம் தண்ணீர் ஏறலாம். வீடு பார்க்கும்போது சுவரின் புதுச் சாயத்தை விட்டுவிட்டு, தெருவில் பக்கத்து வீடுகளின் மின்மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். எல்லா வீட்டிலும் அது மார்பளவுக்கு மேல் ஏற்றி மாட்டப்பட்டிருந்தால், காரணத்தை முனைப் பெட்டிக்கடையில் விசாரிப்பது நல்லது.

நிலத்தடி நீர் இன்னும் மறைவான சங்கதி. 2013இல் தண்டையார்பேட்டையில் பெட்ரோலியக் குழாய் கசிந்து வீட்டுக் கிணற்றிலும் போர் தண்ணீரிலும் எண்ணெய் கலந்தது. வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அந்த வீடுகளின் பத்திரங்களில் எந்தக் கோளாறும் இல்லை. உப்பு ஏறிய தண்ணீரை நாக்கே சொல்லிவிடும். எண்ணெயையும் உலோகத்தையும் ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை என்கிறது இந்தியத் தரநிலை. ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதிக்கும் செலவு, வக்கீல் கட்டணத்தில் சிறு பங்குதான்.

கட்டடத்தையும் உப்புக்காற்று விடுவதில்லை. கடலோரச் சூழலில் வெளியே தெரியும் கான்கிரீட்டுக்கு எம் 30 தரமும், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடலும் வேண்டும் என்கிறது ஐஎஸ் 456. சிறு கட்டுமானங்களில் இதைப் பார்ப்பவர் குறைவு. பால்கனியின் அடிப்பக்கம், சன்ஷேடு, மொட்டைமாடித் தொட்டியின் தூண்கள் ஆகிய மூன்று இடங்களைப் பாருங்கள்: பழுப்புக் கோடு ஓடியிருந்தால், தட்டும்போது பொத்தென்று சத்தம் வந்தால், உள்ளே கம்பி துருவேறி ஊதுகிறது. 2021 டிசம்பரில் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட குடியிருப்புத் தொகுதி ஒன்று இடிந்து விழுந்தது. அது 1993இல் கட்டியது. முப்பது வயதுகூட ஆகவில்லை. விரிசலைக் கண்டு மக்கள் முன்னரே வெளியேறியதால் உயிர் தப்பினார்கள். கண்ணால் பார்த்து எச்சரிக்கை கொண்டதன் பலன் அது.

"காப்பீடு இருக்கிறதே" என்பது கடைசி ஆறுதல். வீடுகளுக்கான பாரத் க்ருஹ ரக்ஷா பாலிசி புயலையும் வெள்ளத்தையும் ஏற்கிறது. ஆனால் நிலம் உள்வாங்குவதற்கான பிரிவில் கடலரிப்பால் நேரும் சேதத்தை அது விலக்கிவிடுகிறது. கடலோர வீட்டுக்காரர் கையெழுத்திடுமுன் படிக்க வேண்டிய வரி அது.

இவற்றையெல்லாம் அடுக்கியபின், இந்தப் பட்டையே வாழத் தகாதது என்ற முடிவுக்குப் போவதும் தவறு. ஆபத்து இங்கே ஊர்வாரியாக இல்லை, தெருவாரியாக இருக்கிறது. மெட்ரோ நிலையத்தை ஒட்டிய மேட்டுத்தெருவில் உள்ள நல்ல கட்டடமும், கால்வாய்க் கரையில் தாழ்வாக நிற்கும் கட்டடமும் ஒரே அஞ்சல் எண்ணில் வரலாம். ஒட்டுமொத்தமாக ஒதுக்குவதும் ஒட்டுமொத்தமாக நம்புவதும் அந்த வித்தியாசத்தை மறைத்துவிடுகின்றன.

ஆனால் இத்தனை சுமையையும் வாங்குபவர் தலையில் ஏற்றுவது நியாயமில்லை. விற்பவரும் கட்டுநரும் அரசும் தெரிந்து வைத்திருப்பதை அவர் ஏன் தேடி அலைய வேண்டும்? 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் திட்டத்தின் அனுமதிகளையும் நில உரிமையையும் வெளியிடச் சொல்கிறது. அலைக்கோட்டிலிருந்து தூரம், வெள்ள மட்டம், நீர்ச் சோதனை முடிவு, ஆலையின் அவசரத் திட்ட எல்லை ஆகிய நான்கையும் அதில் கட்டாயமாக்கலாம். அப்போதும் ஓட்டை இருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மிகாத மனைக்கும், எட்டு வீட்டுக்கு மிகாத கட்டடத்துக்கும் அந்தச் சட்டத்தில் பதிவு தேவையில்லை. தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் குறுகிய மனைகளில் எழும் ஆறு வீட்டுக் கட்டடங்களும், கைமாறும் பழைய வீடுகளும் இந்தக் கணக்கில் வராது. அவற்றுக்கும் சேர்த்து, கிரயப் பத்திரம் பதிவாகும் சார்பதிவாளர் அலுவலகத்திலேயே இந்த விவரங்களை விற்பவர் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும் என்று அரசு விதி செய்தால்தான் வடசென்னையின் சின்ன வீடுகளுக்கும் அந்தப் பாதுகாப்பு போய்ச் சேரும்.