கப்பல் எந்தப் பக்கம் போகிறது?

பழைய கருப்பு வெள்ளைப் பயணப் படம் ஒன்றைக் கொடுத்து, "இதைப் பற்றி எழுது" என்று சொல்லிப் பாருங்கள். "அந்தக் காலம் ஒரு பொற்காலம்" என்று மாணவர்கள் தொடங்கிவிடுவார்கள். ஆசிரியர்களாகிய நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. படத்தில் வண்ணம் இல்லை என்றாலே மனசு இளகிவிடுகிறது. ஏக்கப்படுவது தப்பில்லை. ஆனால் அந்த ஏக்கம் படத்தைச் சரியாகப் பார்க்க விடுவதில்லை, அதுதான் சிக்கல்.

ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1907இல் எடுத்த 'தி ஸ்டீரேஜ்' படத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்டீரேஜ் என்பது கப்பலில் மிகக் குறைந்த கட்டணத்தில் பயணம் செய்வோர் இருக்கும் பகுதி. மேல்தளத்தில் ஆண்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். வைக்கோல் தொப்பி போட்ட ஒருவர் கீழே எட்டிப் பார்க்கிறார். கீழே, சால்வை போர்த்திய பெண்களும் பிள்ளைகளும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வெள்ளை நடைபாலம்.

"பிழைப்புத் தேடி அமெரிக்கா வந்த ஏழைகள்" என்றுதான் பலரும் இதைப் படித்தார்கள். உண்மை என்ன தெரியுமா? அந்தக் கப்பல் நியூயார்க்கிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. இவர்கள் அமெரிக்காவை விட்டுப் போகிறவர்கள்! கதையே தலைகீழாகிவிட்டது, பார்த்தீர்களா?

படம் எடுத்தவர் முதல் வகுப்புப் பயணி. தொப்பியின் வட்டம், சாய்ந்த படிக்கட்டு, புகைபோக்கி எனும் வடிவங்களே தம்மை இழுத்ததாகப் பிற்காலத்தில் அவரே எழுதினார். படத்தின் பலம் அந்த வடிவ ஒழுங்கு. குறையும் அதில்தான் இருக்கிறது. ஒரு முகமும் நமக்கு நெருக்கமாகத் தெரிவதில்லை. அந்த இடைவெளியை நம் ஏக்கம் நிரப்பிவிடுகிறது.

இது நம் வீட்டுக் கதையும்தான். 1926இல் கட்டப்பட்ட ராஜுலா கப்பல், சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆயிரக்கணக்கில் மேல்தளப் பயணிகளை ஏற்றி வந்தது. அந்தக் கப்பலின் படத்தைப் பார்த்தாலே, "தாத்தா பாட்டி வந்த கப்பல்" என்று உருகுகிறோம். ஆனால் 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது, தோட்டத் தொழிலாளர்கள் பெருங்கூட்டமாக ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்களே! அந்தக் காலத்துப் படத்தில் இருப்பவர் வருகிறாரா, போகிறாரா? எல்லாரையும் வந்தவர்களாகவே எழுதினால், வேலை போய்த் திரும்பியவர்களை நம் வரலாற்றிலிருந்து நாமே அழித்துவிடுகிறோம்.

எனவே மாணவர்களே, இப்படி ஒரு படம் கிடைத்தால், முதல் வரி எழுதும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். யார் எடுத்தது? எங்கே நின்று எடுத்தார்? படத்தில் இருப்பவர்கள் எங்கே போகிறார்கள்? விடை கிடைக்காவிட்டால், "படத்தில் இது தெரியவில்லை" என்று நேர்மையாக எழுதுங்கள். ஆசிரியர்களே, அந்த ஒரு வரியைப் பத்துப் பொற்காலங்களுக்கு மேலாக மதியுங்கள்.