யாருக்குத் திறந்த சாலை? : கேப் ஒயின் வழித்தடத்தை வாசித்தல்

1

பயண வரைபடமும் ஒரு பிரதிதான். கவிதையிடமும் நாவலிடமும் நாம் கேட்கிற கேள்விகளை (யார் பேசுகிறார்கள், யாரை நோக்கிப் பேசுகிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள்) அதனிடம் மட்டும் ஏன் கேட்கக் கூடாது? தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனுக்குக் கிழக்கே ஸ்டெல்லன்போஷ், ஃபிரான்ஷுக், பார்ல் என்ற மூன்று ஊர்களைச் சுற்றி விரிந்து கிடக்கிறது திராட்சை நிலம். வாடகைக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு அதைச் சுற்றிப் பார்க்க வருகிறவர் கையில் ஒரு வழித்தட வரைபடம் இருக்கும். அதைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறேன். 'ஒயின் குடிக்கப் போறவன் கையில இருக்கிற மேப்புல என்னய்யா அரசியல்?' என்று கேட்கிற நண்பர்களையும் மனதில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இந்த வழித்தடம் அப்படியொன்றும் பழையதல்ல. சீமோன்சிக், ஸ்பியர், டெல்ஹைம் என்ற மூன்று பண்ணைகளின் உரிமையாளர்கள் பிரான்சின் பர்கண்டிப் பகுதி ஒயின் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு 1971இல் ஸ்டெல்லன்போஷில் தொடங்கியது. வழிகாட்டி வேண்டாம், கூட்டத்தோடு கூட்டமாக பஸ்ஸில் அடைபட வேண்டாம், நினைத்த இடத்தில் நிறுத்தலாம், நினைத்தபோது கிளம்பலாம். இதுதான் இந்தப் பயண வடிவம் தருகிற வாக்குறுதி. அதாவது சுதந்திரம். ஆனால் 'நினைத்த இடம்' என்பது ஏற்கெனவே எண் போட்டுக் குறிக்கப்பட்ட இடங்களில் ஒன்று மட்டுமே. மிஷெல் தெ செர்தோ வரைபடத்தையும் நடையையும் பிரித்துக் காட்டினார். முன்னது மேலிருந்து பார்க்கும் பார்வை. பின்னது கால்களின் செயல். வழித்தட வரைபடத்தின் சாமர்த்தியம், முன்னதன் அதிகாரத்தைப் பின்னதன் சுகமாக மாற்றிவிடுவதில் இருக்கிறது. நாமே ஓட்டுகிறோம், ஆகவே நாமே தேர்ந்தெடுக்கிறோம் என்று நம்பிவிடுகிறோம்.

2

ஆனால் என் முதன்மையான வாதம் இதுவல்ல. எல்லாச் சுற்றுலா வரைபடங்களும் செய்கிற வேலைதானே இது! கேப்பின் விசேஷம் வேறு. தன் இஷ்டப்படி சாலையில் போவது என்பதே இந்த மண்ணில் பெரும்பான்மையோருக்குக் குற்றமாக இருந்தது என்பதுதான் அது.

1658இல் அடிமைகள் பெருந்தொகையாகக் கப்பலில் கொண்டுவரப்பட்டனர். அடுத்த ஆண்டு, 1659 பிப்ரவரி 2ஆம் தேதி, கேப் திராட்சையிலிருந்து முதன்முதலாக ஒயின் பிழிந்ததைக் கடவுளுக்கு நன்றி சொல்லி நாட்குறிப்பில் எழுதினார் டச்சுக் கம்பெனியின் தளபதி யான் ஃபான் ரீபெக். இந்த இரண்டு தேதிகளில் ஒயின் உலகம் கொண்டாடுவது பின்னதை மட்டும்தான். எஜமானர் எழுதிக் கொடுத்த சீட்டு இல்லாமல் அடிமை வெளியே நடமாட முடியாது. 1809இல் ஆங்கிலேய ஆளுநர் கேலடன், கொய்கொய் மக்கள் நிலையான முகவரியோடு இருக்க வேண்டும், இடம்விட்டு இடம் போக அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்று பிரகடனம் செய்தார். மந்தைகளோடு இந்த நிலமெல்லாம் அலைந்தவர்கள் அவர்கள்! அடிமை முறை 1834இல் ஒழிந்தது. 'பயிற்சிக் காலம்' என்ற பெயரில் 1838 வரை இழுத்தார்கள். 1841இல் எஜமானர்-வேலையாள் சட்டம் வந்தது. வேலையை விட்டு ஓடுவது குற்றமாயிற்று. இந்தச் சட்ட மரபு 1974 வரை உயிரோடு இருந்தது. கறுப்பின மக்களின் பாஸ் சட்டங்கள் ஒழிந்தது 1986இல்.

தேதிகளைச் சேர்த்துப் பாருங்கள். 1971இல் வெள்ளையருக்கு 'நினைத்த இடத்தில் நிறுத்தலாம்' என்று சாலை திறந்துவிடப்பட்டபோது, பாஸ் இல்லாமல் சாலையில் நின்ற கறுப்பரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. ஒருவருடைய அலைதல் ரசனை. இன்னொருவருடைய அலைதல் குற்றம். இரண்டும் ஒரே தார்ச்சாலைதான்.

3

அதே பாதையில் இப்போது வேறு மாதிரி ஓட்டிப் பார்ப்போம். ஸ்டெல்லன்போஷிலிருந்து ஹெல்ஸ்ஹூக்ட கணவாய் ஏறி இறங்கினால் ஃபிரான்ஷுக் போகும் வழியில் நீல் என்ற சிற்றூர் வரும். இரண்டு நிமிடத்தில் கடந்துவிடலாம். விடுதலை பெற்ற அடிமைகளுக்காக 1843இல் உண்டான மிஷன் ஊர் அது. நிலம் கொடுத்தது அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள். தர்மமா? இருக்கலாம். ஆனால் விடுதலையானவர்கள் கூப்பிடு தூரத்திலேயே தங்கிவிட்டார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அடுத்து ஃபிரான்ஷுக். 'பிரெஞ்சு மூலை' என்று பொருள். மத ஒடுக்குமுறைக்குத் தப்பி 1688இல் வந்திறங்கிய யூகெனோ அகதிகளின் கதைதான் இந்த ஊரின் மூலதனம். அவர்களுக்கான நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது 1948 ஏப்ரலில். அடுத்த மாதம் நடந்த தேர்தலில் வென்று நிறவெறிக் கட்சி ஆட்சிக்கு வந்தது. அகதிகளின் நினைவு, ஆளுகிறவர்களின் வம்சாவளியாக உருமாறிய தருணம் அது.

அந்த வம்சாவளிக்குள்ளேயே ஒரு விரிசல் இருக்கிறது. பத்தாவியாவில் அடிமையாயிருந்து, கொலைக் குற்றத்துக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டு, 1657இல் கேப்புக்கு அனுப்பப்பட்ட ஒரு பெண்ணை ஆவணங்கள் 'பாலியாகட்டாவின் கத்தரீனா' என்று குறிக்கின்றன. பாலியாகட்டா என்றால் நம்ம பழவேற்காடுதான். சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் கோட்டை இருந்த ஊர். 1669இல் ஒரு கம்பெனிச் சிப்பாய் மூலம் அவருக்குப் பிறந்த மகன் கிறிஸ்டோஃபெல் ஸ்னைமன், பிற்பாடு ஒரு யூகெனோ குடும்பத்துப் பெண்ணைத்தான் மணந்தார். ஸ்னைமன் என்பது இன்றைக்கும் ஆப்பிரிக்கானர்களிடையே பரவலான குடும்பப் பெயர். இதை வைத்துக்கொண்டு 'கேப்பை ஆண்ட தமிழச்சி' என்று யாரும் பெருமிதக் கட்டுரை எழுதக் கிளம்பிவிட வேண்டாம். அடிமையின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர், விற்பனைச் சீட்டின் ஊர். அதில் பெருமைப்பட எதுவுமில்லை. ரத்தத் தூய்மை பேசிய ஒரு சமூகத்தின் மூதாய்களில் ஒருவர் விலங்கிட்டு அனுப்பப்பட்டவர் என்பதே இங்கே நமக்கு முக்கியம்.

ஃபிரான்ஷுக்கிலிருந்து பார்லுக்குப் போகும் சாலையில் விக்டர் வெர்ஸ்டர் சிறை. இன்று அதற்கு திராகென்ஸ்டைன் என்று பெயர். 1990 பிப்ரவரி 11 அன்று மண்டேலா நடந்து வெளியே வந்த வாசல் இதுதான். இப்போது அங்கே அவருடைய சிலை நிற்கிறது. கார்கள் நிற்கின்றன, படம் எடுக்கிறார்கள், அடுத்த ஒயின் பண்ணைக்குப் போகிறார்கள்.

விடுபட்டதையெல்லாம் வரைபடத்தில் சேர்த்துவிட்டால் போதுமா? ஃபிரான்ஷுக் பக்கத்தில் ஒரு பண்ணை 2005இல் தன் அடிமைகளின் பெயர்களைப் பலகையில் பொறித்து அருங்காட்சியகம் திறந்தது. நேர்மையான முயற்சிதான்; மறுப்பதற்கில்லை. ஆனால் அதுவும் ஒரு நிறுத்தமாகிவிடுகிறது. பத்து நிமிடக் குற்றவுணர்வு, பிறகு ஒரு கிளாஸ் பினோடாஜ். மற்றமையை விழுங்கி ஜீரணிக்கிற வயிறு சந்தைக்கு எப்போதும் உண்டு.

4

சுவைக்கும் சடங்கைப் பார்ப்போம். கிளாஸைச் சுழற்று, முகர், வாயில் உருட்டு. காரை ஓட்டுகிறவராயிருந்தால் அருகிலிருக்கும் கலயத்தில் துப்பிவிட வேண்டும். காசு கொடுத்து வாங்கியதைத் துப்புவது இங்கே நாகரிகம்.

இதே பண்ணைகளில் 'டொப்' என்று ஒரு முறை இருந்தது. வேலை நேரத்தில் இடைவெளி விட்டு இடைவெளி விட்டு, ஒரு நாளில் பலமுறை, தொழிலாளிக்கு மலிவு ஒயின் ஊற்றுவார்கள். அது கூலியின் ஒரு பகுதி. துப்ப முடியாது, துப்பினால் கூலியைத் துப்பினதாகும். 1960களின் தொடக்கத்தில் சட்டம் தடை செய்த பிறகும் 1990கள் வரை பல இடங்களில் இது தொடர்ந்தது. தாயின் குடியால் கருவிலேயே பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதத்தில், உலகில் இதுவரை பதிவானவற்றுள் மிக உயர்ந்தவற்றை மேற்கு கேப் ஒயின் பகுதிகளில்தான் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். 'குடிகார ஜனங்க' என்று அந்தத் தாய்மாரைச் சொல்கிற வாய், குடியைச் சம்பளமாக்கிய கையைப் பற்றிப் பேசாது.

பிரெஞ்சு ஒயினின் தொன்மத்தைக் கட்டவிழ்த்த ரோலான் பார்த், கடைசியில் அல்ஜீரியாவுக்கு வந்து சேர்ந்தார். நிலத்தைப் பறிகொடுத்த முஸ்லிம்கள், ரொட்டிக்கு வழியில்லாமல் இருக்கையில், அதே நிலத்தில் தமக்கு உதவாத பயிரை வளர்க்க வேண்டியிருந்ததைச் சுட்டினார். ஒயின் முழுக்கவும் களிப்பானதாக இருக்க முடியாது என்பதே அவர் சொன்னதன் சாரம். கேப்பில் ஒருபடி மேலே போய், பறிகொடுத்தவர்களுக்கே அதை ஊற்றிக் கொடுத்தார்கள்.

5

'அப்ப என்ன செய்யச் சொல்ற? போகாதே, குடிக்காதேங்கிறியா?' இது நியாயமான கேள்வி. புறக்கணிப்பைக் கரையில் நிற்கிறவர்கள் தீர்மானித்தால் வேலை இழப்பது தொழிலாளிதான். தொழிலாளிகளே அழைக்கும்போது விஷயம் வேறு. ஆகவே தூய கைகளுக்கான ஆலோசனை எதுவும் என்னிடம் இல்லை. ஒரு நிகழ்வை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

மேற்கு கேப் பண்ணைத் தொழிலாளரின் நிலை குறித்து 2011இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் ஓர் அறிக்கை வெளியிட்டது. மோசமான குடியிருப்புகள், பாதுகாப்பில்லாமல் பூச்சிமருந்து, தோட்டத்தில் கழிப்பறை இல்லாமை, வெளியேற்றம் எல்லாம் அதில் பதிவாயின. வேலை போனால் பண்ணை வீடும் போகும். 1997இன் குடியிருப்புப் பாதுகாப்புச் சட்டத்தால் இதை நிறுத்த முடியவில்லை. அறிக்கையை உலகம் வாசித்தது, பிறகு மறந்தது. 2012இல் ஹெக்ஸ் நதிப் பள்ளத்தாக்கின் டி டோர்ன்ஸ் ஊரில் (ஒயினைவிடச் சாப்பிடும் திராட்சைக்குப் பேர்போன இடம்) தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். நாள்கூலி 69 ராண்ட், கேட்டது 150. போராட்டம் மாகாணத்தின் பல ஊர்களுக்குப் பரவியது. மூன்று பேர் செத்தார்கள். 2013 மார்ச்சில் கூலி 105 ராண்ட் ஆயிற்று. கேட்டது முழுசாகக் கிடைக்கவில்லை. ஆனால் ஒரே தாவலில் பாதிக்கு மேல் உயர்வு.

அந்த நாட்களில் அவர்கள் செய்தது என்ன? கேப் டவுனையும் ஜோகன்னஸ்பர்க்கையும் இணைக்கும் என்1 நெடுஞ்சாலையை மறித்தார்கள். நடமாட்டம் மறுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் சாலை நடுவில் உட்கார்ந்து, யார் போகலாம், யார் நிற்கலாம் என்று சில மணி நேரமாவது தாங்களே தீர்மானித்தார்கள். தானே ஓட்டி வந்தவர்களெல்லாம் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

எந்த வழித்தட வரைபடத்திலும் அந்த இடத்துக்கு எண் கிடையாது. நம் வாசிப்பை அங்கிருந்து தொடங்கலாம்.