பிழை சொல்ல ஒரு வாசல்

புத்தகத்தில் அச்சுப் பிழை கண்டால் நாம் என்ன செய்கிறோம்? பென்சிலால் திருத்திவிட்டு மேலே படிக்கிறோம். அத்திருத்தம் அந்த ஒரு பிரதியோடு நின்றுவிடும். பலர் கூடி உருவாக்கும் இணைய நூலிலோ ஒருவர் செய்யும் திருத்தம் எல்லா வாசகருக்கும் பயன்படும். ஆனால் திருத்துவதற்கான வழி வாசகரின் கண்ணில் படுகிறதா? தமிழ் விக்கிமூலத்தை இக்கேள்வியோடு ஆராய்வோம்.

இதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று விளையாட்டு உலகில் உண்டு. 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்டு பார்ட்டில் வளர்த்த ‘மட்’ என்ற கணிப்பொறி விளையாட்டில் படங்களே கிடையாது. அறை, காடு, பாதை எல்லாம் எழுத்து வருணனைதான். 1989-இல் சுவீடனின் லார்ஸ் பென்ஷோ உருவாக்கிய ‘எல்.பி.மட்’ வகையில், தேர்ந்த ஆட்டக்காரர்களே புதிய இடங்களை எழுதிச் சேர்த்தார்கள். பலர் எழுதினால் பிழையும் பெருகும் அல்லவா? 1991-இல் டென்மார்க்கில் வெளியான ‘டிக்குமட்’ இதற்கு எளிய வழி கண்டது. ‘டைப்போ’ என்று தட்டி, பிழையை ஒரு வரியில் எழுதினால் போதும். எழுதியவரின் பெயரும், அவர் நிற்கும் அறையின் எண்ணும் தாமே பதிவாகிவிடும். ‘எந்த இடத்தில் பிழை?’ என்று திரும்பக் கேட்க வேண்டியதில்லை. பிழைத் தகவலுக்கு உயிர் இடக்குறிப்பே.

இனி விக்கிமூலத்துக்கு வருவோம். நாட்டுடைமையான நூல்கள் பல இங்கே பக்கம் பக்கமாகப் படமாக ஏற்றப்பட்டுள்ளன. படத்திலுள்ள எழுத்துகளைக் கணிப்பொறி படித்துத் தரும், தன்னார்வலர்கள் திருத்துவார்கள். படிக்கும்போது அது தடுமாறும் இடங்கள் உண்டு. துணைக்கால் ‘ர’ ஆகிவிட்டால் ‘காடு’ என்பது ‘கரடு’ ஆகும். இரண்டும் தமிழ்ச் சொற்களே; ஆகவே சொற்பிழை காட்டும் நிரலும் இதைப் பிடிக்காது. 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களின் பழைய ‘ணை’, ‘லை’ வடிவங்கள் மற்றொரு தொல்லை.

இங்குள்ள ஏற்பாடு பாராட்டத்தக்கது. படமும் எழுத்தும் அருகருகே நிற்கின்றன. திருத்தாத பக்கத்துக்குச் சிவப்பு, ஒருவர் மெய்ப்புப் பார்த்ததற்கு மஞ்சள், வேறொருவர் சரிபார்த்ததற்குப் பச்சை. மஞ்சள் இட்டவரே பச்சை இட முடியாது. தன் பிழை தன் கண்ணுக்குத் தெரியாது என்ற உண்மையை உணர்ந்த விதி இது.

குறை எங்கே? தொகுத்த நூலைப் படிக்கும் வாசகருக்குத்தான். வில்லியனூரில் பிறந்து சேலியமேட்டில் வாழ்ந்த கவிஞர் வாணிதாசனின் நூல்களும் நாட்டுடைமை ஆனவை. அத்தகைய நூலொன்றைப் பாகூர் மாணவி ஒருத்தி இணையத்தில் படிப்பதாகக் கொள்வோம். ‘கரடு’ அவள் கண்ணில் படுகிறது. ‘தொகு’ என்பதை அழுத்துகிறாள். பாட்டின் வரி அங்கே இல்லை. பக்கங்களை அழைக்கும் கட்டளை வரி மட்டுமே இருக்கிறது! பக்க எண்ணின் வழியாக மூலப் பக்கத்துக்குச் சென்றால்தான் திருத்த முடியும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? அவள் திரும்பிவிடுகிறாள், பிழை தங்கிவிடுகிறது. டிக்குமட் தீர்த்த சிக்கல் இங்கே தீராமல் இருக்கிறது. ஒவ்வொரு பக்க எண்ணின் அருகிலும் ‘இங்கே பிழை’ என்று ஒரு பொத்தான் இருந்து, அது மூலப் பக்கத்தையே திறந்து காட்டினால் பாதி வேலை முடியும்.

வாசகருக்கும் ஒரு கடமை உண்டு. கணிப்பொறி செய்த பிழை வேறு. அச்சகம் செய்த பிழை வேறு. முன்னதைத் திருத்தலாம். பின்னதை நூலில் உள்ளபடியே வைத்துக் குறிப்பிடுவதே மரபு. பழைய நடையைப் பிழையென எண்ணி மாற்றுவது திருத்தம் ஆகாது. படத்தைப் பாராமல் கை வைக்கக் கூடாது.

ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் பாகூர்க் கல்விச் சாலைக்கு மூன்று ஊர்களை அளித்ததைச் செப்பேடு கூறுகிறது. செம்பில் வெட்டிய எழுத்தை வாசகர் திருத்த முடியாது. இன்று அதே பாகூரின் மாணவி ஒரு நூலையே செம்மை செய்யலாம். அதற்கான வாசலை அவள் கண்ணுக்குத் தெரியும்படி வைப்பது, கட்டியவர்களின் பொறுப்பு.